ஒரே நாளில் நட்ட கரும்பு

மாமாவின் பெயர் அரியமுத்துவின் பெயருக்கு மேலே ஏறியிருந்தது. திரையை ஒருமுறை மூடித் திறந்தேன். மேலேயேதான் இருந்தது.

விவரமாகச் சொல்லிவிடுகிறேன். பெரம்பலூரில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் வெற்றி என்கிற நானும் என் கணவர் வேல்முருகனும் வேலை செய்கிறோம். எந்த வயல் கரும்பை முதலில் வெட்டுவது என்று ஒரு சர்க்கரை ஆலைக்கு வரிசை போட்டுக் கொடுக்கும் மென்பொருள் எங்கள் பொறுப்பு. ஒருவர் எழுதிய மாற்றத்தை இன்னொருவர் படித்து ஒப்புதல் கொடுத்தால்தான் அது ஆலைக்குப் போகும். இதைத் தெரிந்தவர்கள் நாங்கள் இருவர்தான். அவர் எழுதினால் நான், நான் எழுதினால் அவர்.

இதுவரை ஒரே நாளில் நட்ட வயல்கள் பெயரின் அகரவரிசையில் நின்றன. நேற்று அவர் அதை மாற்றி, ஆலையில் முதலில் பதிந்தவர் முன்னால் என்று எழுதியிருக்கிறார். நியாயம்தான். பெயர் 'அ'வில் தொடங்குவதற்காக ஒருவருக்கு முதல் வெட்டு கிடைப்பது என்ன முறை? நானே எழுதியிருந்தாலும் இப்படித்தான் எழுதியிருப்பேன். ஆனால் குரும்பலூரில் என் மாமனார் ராசாங்கத்தின் வயலும் பக்கத்து அரியமுத்துவின் வயலும் ஒரே நாளில் நட்டவை; ஆலையில் முதலில் பதிந்தவர் மாமா. இரண்டிலும் பூ வந்துவிட்டது; இனி தள்ளிப்போட்டால் சாறு வற்றும். வெட்டு ஆட்கள் பொங்கலுக்கு ஊருக்குக் கிளம்புவதற்குள் இன்னும் ஒரு வயல்தான் முடியும். மற்றது நின்று காயும்.

காலையில் அரியமுத்துவின் மனைவி ஜெயசுதா குழாயடியில் கேட்டாள். "ஒங்க ஆபீஸ்லதான் வரிசை போடுறீங்களாமே, எங்க வயலு எப்ப வரும்?"

"அதெல்லாம் கம்ப்யூட்டரே போடுறது, அக்கா" என்றேன்.

மதியம் சாப்பிடும்போது கணவரிடம் கேட்டேன். "மாமாவுக்காக மாத்துனீங்களா?"

"நான் எழுதுன கோடு தப்பா இருக்கா, அதச் சொல்லு."

"தப்பு இல்ல."

"அப்ப அப்ரூவ் பண்ணு. இல்ல, எங்கப்பாவ பேர மாத்தி வச்சிக்கச் சொல்லவா? கொழம்பு ஊத்து."

சென்னையிலிருக்கும் மேலாளர் ஆர்த்திக்குப் போன் செய்தேன்.

"வெற்றி, டெஸ்ட் பாஸ் ஆச்சா?"

"ஆச்சு மேடம்."

"அப்புறம் ஏன் இழுக்கறீங்க?"

"எங்க மாமா வயலு முன்னாடி வந்துருச்சு மேடம்."

"வாழ்த்துகள்" என்று வைத்துவிட்டார்.

ஒப்புதல் கொடுத்தால் மருமகள் கொடுத்ததாகிறது. மறுத்தாலும், மருமகள் என்ற பயத்தில் நல்ல மாற்றத்தைத் தடுத்ததாகிறது. மாமாவின் வயல் கீழே இறங்கியிருந்தால் இந்நேரம் கண்ணை மூடிக்கொண்டு ஒப்புதல் கொடுத்து, நேர்மை என்று நினைத்திருப்பேனோ? மாற்றத்தை இன்னொருமுறை வரிவரியாகப் படித்தேன். யாருக்காக என்று அதில் எழுதியிருக்கவில்லை.

ஆபீசில் எழுத்தில் நாங்கள் மரியாதையாகத்தான் பேசிக்கொள்வோம். அந்த மாற்றத்தின் கீழே கேள்வியாகப் பதிந்தேன்: "இந்த மாற்றத்தை ஆலை கேட்டதா? தெரிவிக்கவும்."

பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவருடைய நாற்காலி அசைந்தது. தட்டச்சுச் சத்தம் வேகமாக ஆரம்பித்தது. நின்றது. பிறகு ஒரே விசையைத் திரும்பத் திரும்பத் தட்டும் சத்தம். எழுதியதை எழுத்தெழுத்தாக அழித்துக்கொண்டிருந்தார்.