டென்ஷன்னு எழுதிக்கீது

காலை ஏழு மணிக்கு ஆரம்பித்த வலி. ஓம வாட்டர் கொடுத்துப் பார்த்தார்கள், வெந்நீர் ஒத்தடம் வைத்துப் பார்த்தார்கள். மூன்றாவது வாந்திக்குப் பிறகுதான் மயிலாப்பூரிலிருந்து ஆட்டோ பிடித்து அடையாறு ஆஸ்பத்திரிக்கு மஹ்விஷைக் கொண்டுவந்தார்கள். இப்போது மணி பதினொன்று. கட்டிலில் இறால் மாதிரி சுருண்டு கிடந்தாள்.

"மாசாமாசம் வர்ற வலிதாம்மா. ஊசி போட்டிருக்கு. டென்ஷன் ஆகாதீங்க" என்றார் டியூட்டி டாக்டர், செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"மாசாமாசம் வர்ற வலியோட எங்க ஆபா வேலைக்கே போவா சார். இப்டி வாந்தி எடுக்க மாட்டா."

அக்காவுக்காகச் சொன்னது தங்கை சிம்ரா. அந்தக் குடும்பத்தின் முதல் பட்டதாரி. அதற்கான சான்றிதழுக்குத் தாலுகா ஆபீஸில் நான்கு நாள் கால்கடுக்க நின்றதிலிருந்து, மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் யாரிடமும் அவளுக்குப் பயமில்லை.

இருவரையும் பெற்ற அம்மி நஸ்ருன்னிசா அவள் முழங்கையைக் கிள்ளினாள். "வாய மூடுடி. டாக்டர் சரியாத்தான் சொல்றாரு. ஸ்கேன்லயே டென்ஷன்னுதான் எழுதிக்கீதுன்னு கய்யூம் மாமா சொன்னாரு."

"எந்த ஸ்கேன்?"

அம்மியின் கை கைப்பை மேல் போனது.

இரண்டு மாதம் முன்பு, சிம்ரா டிரெயினிங்குக்குப் பெங்களூர் போயிருந்தபோது எடுத்த ஸ்கேன். மஹ்விஷுக்கு வாணியம்பாடி சம்பந்தம் கூடிவரும் நேரத்தில் கட்டி என்ற பேச்சு வெளியே போகக் கூடாது. சிம்ராவுக்குத் தெரிந்தால் தெருவுக்கே கேட்கும். ஆகவே மெடிக்கல் ஷாப் அப்துல் கய்யூமிடம் மட்டும் காட்டினார்கள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்து, "டென்ஷன் ஆவாம பாத்துக்கணுமாம், அவ்ளோதான்" என்று தீர்ப்புச் சொன்னார். அன்று முதல் சீரியலில் மாமியார் கத்தினால்கூட வீட்டில் சேனலை மாற்றினார்கள்.

அம்மி கைப்பையிலிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்தாள். இடது சினைப்பையில் ஏழு சென்டிமீட்டர் கட்டி. கடைசி வரியில், கய்யூம் மாமா டென்ஷன் என்று படித்த அந்தச் சொல். சிம்ரா எழுத்துக் கூட்டிப் படித்தாள். போனில் தட்டிப் பார்த்தாள். அவளுக்குக் காது சூடேறியது.

"அம்மி, இது டென்ஷன் இல்ல, டார்ஷன். கட்டி கனத்துல சினைப்பையே திருகிக்கும். ரத்தம் போவாது. அழுகிடும்."

டாக்டர் சிரித்தார். "போனைப் பாத்துட்டு ஆளாளுக்கு டாக்டர் ஆயிடுறீங்க."

"நான் ஆவல சார். நீங்களாவது ஆவுங்க. பெரிய டாக்டரைக் கூப்பிடுங்க. இல்லன்னா, கூப்பிட மாட்டேன்னு எழுதி, டைம் போட்டு, கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

ரிப்போர்ட்டையும் பேனாவையும் அவர் முன்னால் வைத்தாள். அவர் பேனாவைத் தொடவில்லை. ரிப்போர்ட்டைப் படித்தார். சிரிப்பு போய்விட்டது.

பத்து நிமிடத்தில் பெரிய டாக்டர் சான்ட்ரா வந்தார். வயிற்றில் கை வைத்தார், ஸ்கேன் பார்த்தார், "தியேட்டர் ரெடி பண்ணுங்க" என்றார். "காப்பாத்தத்தான் பாக்குறோம். கறுத்துச் செத்திருந்தா எடுக்க வேண்டியிருக்கும்." அம்மி கையெழுத்துப் போட்டாள்.

ஒன்றரை மணி நேரம். சிம்ரா உட்காரவே இல்லை.

கதவு திறந்தது. சான்ட்ரா முகக்கவசத்தை இறக்கினார். "ரெண்டரை சுத்து முறுக்கியிருந்துச்சு. நாவல்பழ நெறம். பிரிச்சு விட்டுட்டுக் காத்துக்கிட்டே இருந்தோம். மெதுவா செவந்துச்சு. கட்டியை மட்டும் எடுத்தோம், சினைப்பை பத்திரமா இருக்கு. ரிப்போர்ட்டைப் படிச்சது யாரு?"

அம்மி முந்திக்கொண்டு சிம்ராவைக் காட்டினாள்.

அந்த நேரம் பார்த்து வாணியம்பாடியிலிருந்து போன். சம்பந்தி அஸ்மத்துன்னிசா. வழக்கமாக இந்த மாதிரி போன்களை அம்மி மூலைக்குக் கொண்டுபோய்க் கிசுகிசுப்பாள். இன்று வராந்தாவின் நடுவில் நின்றாள்.

"ஆமாங்க, ஆஸ்பத்திரிலதான் கீறோம். பொண்ணுக்கு டார்ஷன்... டென்ஷன் இல்லீங்க, டார்ஷன்! கட்டி இருந்துச்சு, எடுத்தாச்சு. எதையும் மறைக்கல. இஷ்டம்னா பாக்க வாங்க."

டியூட்டி டாக்டர் உட்பட வராந்தாவே திரும்பிப் பார்த்தது. சிம்ரா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அம்மி இன்னும் முடிக்கவில்லை.

"வர்றதா இருந்தா சாத்துக்குடி வாங்கினு வாங்க."