பச்சையை அழுத்தினார்

ஜமுனாமரத்தூரில் செல்போன் கடை வைத்திருக்கிறேன். என் வாயை நம்பித்தான் சடையன் அண்ணன் பட்டன் போனை விட்டுவிட்டு டச் போன் வாங்கினார். எழுத்து தெரியாதே என்று தயங்கியவரிடம், "பச்சப்புள்ளகூட நோண்டுதுண்ணே, உங்களுக்கு இன்னா?" என்று பெரிய மேதாவி மாதிரி பேசினேன். முகப்பில் ஆம்புலன்ஸ் படம் ஒன்றை வைத்து, தொட்டால் போதும் என்று காட்டினேன். கூப்பிடக் கற்றுக்கொடுத்தேன். வருகிற போனை எப்படி எடுப்பது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

நாலாம் நாள் சாமை அறுக்கையில் அவர் மனைவி செந்தாமரையை நல்லபாம்பு கடித்தது. படத்தைத் தொட்டார், ஊர்ப் பேரைச் சொன்னார், ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டது. அவர் ஊருக்குப் போகும் பாதை வழியில் இரண்டாகப் பிரியும். புதிதாக வருகிற எல்லோரும் அங்கேதான் வழி கேட்பார்கள். டிரைவரும் கேட்கத்தான் போன் போட்டார்.

திரையில் பச்சை வட்டம் வந்தது. பட்டன் போனில் அழுத்திப் பழகிய பச்சை. அழுத்தினார். அதை விரலால் மேலே தள்ள வேண்டும்; அந்தச் சங்கதியை இங்கிலீஷில், எறும்பு அளவு எழுத்தில் போட்டிருக்கிறான், படுபாவி. மணி நின்றதும் எடுத்துவிட்டோம் என்று நினைத்து, "எடப் பக்கம் வாங்க சார், எடப் பக்கம்!" என்று கத்தியிருக்கிறார். பதினோரு முறை போன் வந்தது. பதினோரு முறையும் அழுத்தி, பதினோரு முறையும் கத்தினார். வலது பக்கம் போன வண்டி திரும்பி வருவதற்குள் செந்தாமரை அக்கா போய்ச் சேர்ந்துவிட்டாள்.

கருமாதி முடிந்த மறுநாள் கடைக்கு வந்து போனை மேசைமேல் வைத்தார்.

"ரிப்பேரான்னு பாரு தம்பி. நல்லாதான் அழுத்துனேன். நெகம் வலிக்கற அளவுக்கு அழுத்துனேன்."

போனை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் மனுஷன் தாங்கமாட்டார். என் தப்பும் வெளியே வந்துவிடும் என்ற பயமும் இருந்தது, மறைப்பானேன்.

"ஆமாண்ணே, போன்தான் ரிப்பேரு. உங்க மேல தப்பே இல்லீங்க."

தலையாட்டிக்கொண்டார். இத்தனை நாளும் அடக்கியிருந்த மூச்சை அப்போதுதான் விட்டார்.

அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. என் மனைவி ஷோபனா. பழக்க தோஷம், கட்டைவிரல் தானாகப் பச்சையை மேலே தள்ளியது. "சாப்ட வர்றீங்களா?" என்றாள்.

சடையன் அண்ணன் என் விரலையே பார்த்தார். பிறகு தன் கட்டைவிரலைப் பார்த்தார்.

"தள்ளணுமா தம்பி?" என்றார். "அவ்ளோதானா?"