கயிறு அறுந்த இடம்

…வரட்டுமே, வந்தால் எழுந்து நின்று கும்பிடணுமா, இல்லை மடங்காத காலை நீட்டி, பாருடா அழகர், நீ விட்டுட்டுப் போனது இதுதான் என்று காட்டணுமா, கொச்சங்காடி மிளகுக் கிடங்கு வாசலில் நாற்காலியை விட்டு வீரபாண்டி அசையவில்லை, படகு ஜெட்டிப் பக்கமிருந்து வருகிறவன் அவனேதான், பாக்கெட்டில் கையைவிட்டுக்கொண்டு அதே திமிர் நடை, ஒரு வருஷமாக ஆள் அட்ரஸ் இல்லை, இப்போது எந்த மூஞ்சியோடு வருகிறான்? வீரபாண்டி கடற்படையில் முங்குகிறவன், அழகர் பாராசூட் கமாண்டோ, எண்பத்தெட்டில் இரண்டு கூட்டத்தையும் சேர்த்து கடல் தாண்டி அக்கரை உப்பங்கழிக்குச் சண்டைக்கு அனுப்பினார்கள், முங்குகிறவர்கள் ஜோடி ஜோடியாக இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டால், என்னடா மாட்டுத் தும்பா என்று கமாண்டோக்கள் சிரிப்பார்கள், அவர்கள் பூட்ஸோடு தூங்கினால் இவர்கள் சிரிப்பார்கள், ஆனால் அழகர் மட்டும் ஒரே தட்டில் கப்பைக் கிழங்கும் மீனும் தின்று, உன் கயிறு இனி எங்கிட்ட மாப்ளே என்றான்… அந்த மழையில் எதிரிகள் சுட்டார்களே, கயிறு அறுந்ததே, தண்ணீரில் முங்குகிறவனுக்கு ஒரே சட்டம்தான், அறுந்த இடத்திலேயே நில், ஜோடிக்காரன் தேடி வருவான், நின்றான், முழங்காலில் குண்டோடு கழுத்தளவு சேற்றில், இதோ வருவான், இதோ வந்துடுவான்… வரலையே, பாவி! மீன்பிடிக்க வந்த யாரோ அல்லவா இழுத்துப் போட்டார்கள், ஆஸ்பத்திரிக்காவது வந்தானா?

சோற்றுத் தூக்கோடு வந்திருந்த மனைவி பாக்கியலக்ஷ்மி, கிடைக்காதது கிடைத்த மாதிரி, "வாங்கண்ணே, இரிங்க" என்று சாயா வாங்கிவந்து நீட்டினாள், இவளுக்கு என்ன தெரியும், அழகர் இடது கையால் வாங்கினான், சூடு பொறுக்காமல் வலது கையும் தானாக வெளியே வந்தது, அதில் கட்டைவிரல் மட்டும்தான் இருந்தது, இது எப்போது, எங்கே…

"ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போகத்தான் வந்தேன்" என்றான் அழகர், உட்காரவில்லை. "பிரிஞ்சா, கடைசியாச் சேர்ந்து நின்ன இடத்துக்குத் திரும்பணும்ல? தொலைஞ்ச இடத்துல எவனாச்சும் நிப்பானா? எல்லாரும் போனப்புறமும் அந்த உடைஞ்ச தோணிகிட்ட உனக்காக நின்னேன். ஏன்டா வரலை?"

உடைந்த தோணி… ஆமாம், அங்கேதானே பிஸ்கட்டைப் பங்குபோட்டார்கள், நான் நின்ற இடத்திலிருந்து கூப்பிடு தூரம்தானே, தண்ணீர்ச் சட்டத்தை இவனிடம் நான் சொன்னேனா, இவன் தன் கூட்டத்துச் சட்டத்தை என்னிடம் சொன்னானா, சிரித்துக்கொண்டே இருந்தோமே… கிளம்பும்போது ஆபீசர் கேட்டார், பிரிந்தால் என்ன செய்யணும் எல்லோருக்கும் தெரியும்தானே என்று. தெரியும் சார் என்று இரண்டு பேரும் சேர்ந்துதான் கத்தினார்கள்.