ஒரே ஒரு சந்தேகம்

எங்கள் தீவில் தன்னை நல்லவன் என்று சொல்லிக்கொண்ட ஆளை நான் பார்த்ததில்லை. அப்படி ஒருவன் சொன்னால் ஊர் அவனைவிட்டு ஒரு கஜம் தள்ளி உட்காரும். "நான் பாவி, மண்ணைவிடக் கேடானவன்" என்று சொன்னால் இன்னொரு கோப்பை தேநீர் ஊற்றும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் நிரம்பிவிடும். லூயிஸ் தீவில் காற்றுக்கும் மழைக்கும் பயந்து கோயிலுக்குப் போகாமல் இருப்பதென்றால் யாருமே போக முடியாது. ஆனால் திருவிருந்து நாளில் எழுந்து, வெள்ளைத் துணி விரித்த முன்வரிசைக்குப் போய் அப்பமும் திராட்சரசமும் வாங்குகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். மார்ச்சில் ஒரு தடவை, செப்டம்பரில் ஒரு தடவை. மற்றவர்கள் ஆயுள் முழுக்கப் பின்னால் உட்கார்ந்து அவர்களைப் பார்ப்போம். தகுதியில்லாமல் வாங்கிவிட்டால் கேடு என்று பயம். தகுதி இருக்கிறது என்று நினைக்கிறவனுக்குத் தகுதி கிடையாது; இல்லையே என்று அழுகிறவனுக்கு உண்டு. இதுதான் எங்கள் கணக்கு. சின்னப் பிள்ளைகளுக்குக்கூட இது புரியும். என் அத்தானுக்கு மட்டும் புரியவில்லை.

அத்தான் ஃபின்லே பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். அவர் மனைவி மர்டினா என் அக்கா. நான் ஷோனக், பக்கத்து வீடு. கல்யாணம் ஆகாதவள், திருவிருந்துக்கும் போகாதவள். இரண்டுக்கும் காரணம் கேட்கிறவர்களுக்கு என் வீட்டில் தேநீர் கிடையாது.

அக்கா கல்யாணமான வருஷமே முன்வரிசைக்குப் போய்விட்டவள். இரண்டு பேரும் சேர்ந்துதான் கோயிலுக்கு வருவார்கள். சங்கீதம் தொடங்கியதும் அக்கா எழுந்து முன்னால் போவாள். அத்தான் அவள் தொப்பி வைக்கிற பையை மடியில் வைத்துக்கொண்டு பின்னாலேயே இருப்பார். ஏன் போவதில்லை என்று ஒருமுறை கேட்டேன். முன்னால் போகிறவர்கள் எல்லாம் அழுதுகொண்டே போகிறார்கள், அது கஷ்டத்தில் இருக்கிறவர்களுக்கான இடம் என்று நினைத்தேன் என்றார். கிண்டல் செய்யவில்லை. அவருக்குக் கிண்டல் வராது.

அந்த ஜனவரியில் இன்வர்னஸ் ஆஸ்பத்திரி டாக்டர் அக்காவிடம், கோடைவரை உயிரோடு இருக்கலாம் என்றார். அக்கா அவருக்கு நன்றி சொல்லிவிட்டுக் கப்பலேறி வந்தாள். வந்த இரவு முதல் அத்தான் ரொம்ப யோசித்தார். மார்ச் திருவிருந்து நெருங்கியபோது, இந்தத் தடவை நானும் போய் அவள் பக்கத்தில் உட்காருகிறேன் என்றார். முன்னால் வா என்று கேட்பதும் கூடாது, வற்புறுத்துவதும் கூடாது, அது கர்த்தருக்கும் அவருக்கும் உள்ள காரியம் என்பது எங்கள் வழக்கம். ஆனால் அன்றைக்கு அக்கா பாத்திரம் கழுவும்போது பாடினாள். அவள் பாடி நான் வெகுநாள் கேட்டிருக்கவில்லை.

முதல் தடவை போகிறவர் சனிக்கிழமை சபை மூப்பர்கள் முன்னால் நிற்க வேண்டும். அவர்கள் விசாரித்து, திருப்தியானால் ஒரு சின்ன ஈய வில்லையைக் கையில் கொடுப்பார்கள். மறுநாள் அதைக் காட்டினால்தான் முன்வரிசையில் இடம். கூட்டத்தில் பேசுவது ஒரு வார்த்தையும் வெளியே போகக்கூடாது என்பது சட்டம். அதனால் சாயங்காலத் தேநீர்வரை எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை.

விசாரித்தவர் மூத்த மூப்பர் ரோரி. எந்தத் திருவிருந்திலும் கண்ணீர் விடாமல் ரோரி அப்பம் வாங்கியதில்லை. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். குளிர்காலத்தில் யார் வீட்டு ஆடு பள்ளத்தில் விழுந்தாலும் முதலில் கயிற்றோடு வருகிறவர் அவர்தான். ஆனால் பரலோகத்தின் வாசல்கதவை அவர்தான் எண்ணெய் போட்டுப் பராமரிக்கிறார் என்று அவருக்கு ஒரு எண்ணம்.

"உன் மனசாட்சி எப்படி இருக்கு, ஃபின்லே?" என்று கேட்டிருக்கிறார்.

"நல்லா இருக்குங்க" என்றிருக்கிறார் அத்தான்.

அந்த அறையில் இதுவரை யாரும் சொல்லாத பதில் அது. காதில் சரியாக விழவில்லையோ என்று ரோரி மறுபடி கேட்டார். பாரம் ஒன்றும் இல்லையா, பாவம் ஒன்றும் இல்லையா என்றார்.

"பாவம் இல்லாம இருக்குமாங்க? தினம் உண்டு. ராத்திரி படுக்கப்போகும்போது அவர்கிட்ட சொல்லிடுவேன். மன்னிக்கிறேன்னு வாக்கு குடுத்திருக்காரே. குடுத்த வாக்க அவர் காப்பாத்த மாட்டாருன்னு நான் எப்படி நினைக்கிறது? தூங்கிடுவேன். காலையில பஸ் எடுக்கணும்."

மூப்பர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். குடிகாரனை அவர்களுக்குத் தெரியும். ஆடு திருடினவனையும் சேர்த்திருக்கிறார்கள். நன்றாகத் தூங்குகிறவனை என்ன செய்வது என்று தெரியவில்லை. கடைசியில் ரோரி, செப்டம்பரில் வா, அதுவரை பாவத்தின் பாரத்தை உணர ஜெபம் பண்ணு என்றார். செப்டம்பர் என்ற சொல் வந்ததும் எல்லோரும் அறையில் இருந்த எண்ணெய் அடுப்பையே பார்த்தார்களாம். அக்காவின் நிலைமை தெரியாதவர் அங்கே ஒருவரும் இல்லை. அத்தான் சரிங்க என்று சொல்லிவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

சாயங்காலம் போதகர் மக்காஸ்கில் அக்கா வீட்டுக்கு வந்தார். சின்ன வயசு, தங்கமான மனிதர், தங்கம் மாதிரியே யார் அழுத்தினாலும் வளைந்துவிடுவார். திருவிருந்துக்காகப் பக்கத்து ஊர்களிலிருந்து வந்த விருந்தாளிகள் வீடு முழுக்க இருந்ததால் அவரைச் சமையலறைக்குக் கூட்டிவந்தோம். அக்கா அடுப்பருகே நாற்காலியில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை கத்தி எடுக்கக்கூடாது என்பதால் நான் மறுநாளுக்கான உருளைக்கிழங்கை உரித்துக்கொண்டிருந்தேன்.

காலையில் ஆராதனைக்கு முன் மூப்பர்களை மறுபடி கூட்டுவேன் என்றார் போதகர். அவர்களுக்கும் மனசு இல்லாமல் இல்லை, பிடித்துக்கொள்ள ஒரு கொம்புதான் வேண்டும் என்றார்.

"ஒரே ஒரு சந்தேகம் போதும், ஃபின்லே. ரொம்ப சின்னதா இருந்தாலும் பரவாயில்ல."

அத்தான் கொஞ்ச நேரம் கொடுங்கள் என்று கேட்டு, கண்ணை மூடி உண்மையாகவே தேடினார். சாவி தொலைந்தால் ஒவ்வொரு பையாகப் பார்ப்பாரே, அப்படி. நாங்கள் காத்திருந்தோம். இல்லைங்க என்றார்.

போதகர் உதவி செய்தார். "செத்தவங்க எழுந்திருப்பாங்கன்னு சொல்றோம். அதுலகூட உங்களுக்கு ஒரு தயக்கம் வந்ததில்லையா?"

அத்தான் அக்காவைப் பார்த்தார். "அதுல சந்தேகப்பட்டா இப்ப எனக்குக் கட்டுப்படியாகாதுங்க."

எனக்குப் பொறுக்கவில்லை. கத்தியைக் கீழே வைத்தேன். "அத்தான், ரெண்டே வார்த்தை. நான் தகுதியில்லாதவன். ஊரே சொல்லுது, கிளிக்குக் கத்துக்குடுத்தா அதுவும் சொல்லும். சொல்லிட்டு அக்கா பக்கத்துல உக்காருங்களேன்."

"தகுதி என்னோடதா, ஷோனக்? அவர் குடுத்தது. வாங்கி வச்சுக்கிட்டு இல்லேன்னா, குடுத்தவருக்கு எப்படி இருக்கும்? பொய் சொல்லிட்டு அங்க போய் உக்காந்தா அப்புறம் நிஜமாவே தகுதி போயிடும்."

போதகருக்குச் சிரிப்பு வந்து, அதை இருமலாக மாற்றிக்கொண்டார். பொய் சொன்னால் சேர்த்துக்கொள்வார்கள், உண்மை சொன்னால் மாட்டார்கள் என்பதை அவருடைய முகம் அப்போதுதான் கண்டுபிடித்தது போலிருந்தது. ஆனால் அவர் கண்டுபிடித்து என்ன ஆகப்போகிறது.

"விட்டுடுங்க ஐயா. தெரிஞ்சுதான் கட்டிக்கிட்டேன்" என்றாள் அக்கா. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. உருளைக்கிழங்குக்கு யாரும் அழ மாட்டார்கள் என்பதால் வெங்காயத்தை எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் போதகர் மூப்பர்களைக் கூட்டினார், அவர்கள் கலைந்தார்கள், ஒன்றும் மாறவில்லை.

சங்கீதம் தொடங்கியது. அக்காவால் தனியாக நடக்க முடியவில்லை. அத்தான் அவளைக் கைத்தாங்கலாக முன்வரிசைக்குக் கூட்டிப்போய், ஓரத்து இடத்தில் உட்கார வைத்தார். கையை எடுத்ததும் அவள் ஒரு பக்கமாகச் சாய்ந்தாள். மறுபடி பிடித்தார். அப்படியே நடைபாதையில் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். ரோரி பார்த்தார், போதகர் பார்த்தார். நிற்கக்கூடாது என்று சட்டம் இல்லை. இதுவரை யாரும் நின்றதில்லை, ஆகையால் சட்டம் போடும்படி நேரவில்லை.

அப்பத்தட்டு வந்தது. அக்கா ஒரு துண்டு பிட்டாள். பிறகு அந்தத் துண்டையும் இரண்டாகப் பிட்டு, ஒரு பாதியை அத்தானுக்கு நீட்டினாள்.

வாங்கிக்கொள்ளுங்கள் அத்தான், வாங்கித் தொலையுங்கள் என்று நான் மனசுக்குள் கத்தினேன். ஜெபம் என்று நான் உண்மையாகச் செய்தது அது ஒன்றுதான். அத்தான் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அக்கா இன்னும் கொஞ்ச நேரம் நீட்டிக்கொண்டிருந்தாள். அப்புறம் இரண்டு பாதியையும் அவளே தின்றாள். அத்தான் தட்டை வாங்கி, அடுத்து இருந்த ரோரியின் மனைவியிடம் கொடுத்தார்.

வீட்டுக்குப் போகும் வழியில் அக்கா காற்றைப் பற்றிப் பேசினாள். அந்த அப்பத்தைப் பற்றிக் கடைசிவரை ஒரு வார்த்தை பேசவில்லை. ஜூனில் செத்துப்போனாள்.

செப்டம்பரில் அத்தானை யாரும் கூப்பிடவில்லை. வரச் சொல்லியிருந்தார்களே என்று அவராகவே போய் மூப்பர்கள் முன்னால் நின்றார். அங்கே நடந்ததை எனக்குச் சொன்னது ரோரிதான். அன்று மத்தியானமே என் வீட்டுக்கு வந்து, தொப்பியைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து, கூட்டத்தின் சட்டத்தை முதல் தடவையாக மீறினார்.

மனசாட்சி எப்படி இருக்கிறது என்று கேட்டாராம். நல்லா இல்லைங்க என்றாராம் அத்தான். பாரமாக இருக்கிறதா என்றதற்கு, இருக்கிறது என்றாராம். தகுதி உண்டா என்றதற்கு, இல்லை என்றாராம்.

"எங்களுக்கு சந்தோஷமா இருந்துச்சு, ஷோனக்" என்றார் ரோரி. "ஜெபம் கேக்கப்பட்டுதுன்னு நினைச்சோம். போதகர் வில்லையை எடுத்து மேசைமேல வச்சுட்டாரு. நான்தான் சும்மா இருக்காம, என்ன பாரம்னு சொல்லேன்னு கேட்டேன்."

அத்தான் சொன்னதை ரோரி அப்படியே சொன்னார். மூப்பராக இருந்து இருந்து அவருக்கு ஞாபகம் நன்றாக இருக்கும்.

"மர்டினா அப்பத்தப் பிட்டுப் பாதி குடுத்தா. நீங்க குடுக்காதத வாங்கக்கூடாதுன்னு, வேண்டாம்னுட்டேன். கர்த்தர்கிட்ட கேட்டேன், அவர் மன்னிச்சிட்டாரு, அதுல எனக்கு சந்தேகம் இல்ல. அவகிட்ட கேக்க முடியலைங்க. அதான் தூக்கம் வரல."

பிறகு என்ன ஆயிற்று என்று கேட்டேன். எல்லோரும் ஒருமனதாகச் சேர்த்துக்கொண்டார்கள் என்றார். வேறு என்ன செய்வது என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. வில்லையை எடுத்து அத்தான் கையில் வைத்தது ரோரியேதான். அத்தான் நன்றி சொல்லிவிட்டு பஸ்ஸைக் கழுவப் போய்விட்டாராம்.

"மார்ச்லயே குடுத்திருக்கணும்" என்றார்.

"ஆமா" என்றேன். ரோரியிடம் சொல்ல வேண்டும் என்று மார்ச்சிலிருந்து நான் எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தேன். நல்ல நல்ல வசவுகள். அவற்றை அப்படியே வைத்துவிட்டு, ஆறிப்போன அவருடைய தேநீரைக் கொட்டி வேறு போட்டேன். அதையும் அவர் குடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சங்கீதம் தொடங்கியது. அத்தான் எழுந்து தனியாக முன்னால் போனார். வில்லையை வாங்க வழக்கமாக ரோரி நிற்கிற இடத்தில் வேறொரு மூப்பர் நின்றார். அத்தான் கொடுத்துவிட்டு ஓரத்து இடத்தில் உட்கார்ந்தார். அழவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

ரோரி நடைபாதையில் எதிர்த்திசையில் நடந்து வந்தார். ஏதோ ஜன்னலைச் சாத்தப் போகிறார் என்று நினைத்தேன். வந்து கடைசி வரிசையில், என் பக்கத்தில் உட்கார்ந்தார். கோயிலே திரும்பாமல் திரும்பிப் பார்த்தது. அவர் மனைவி முன்வரிசையில் தலை குனிந்திருந்தாள். ரோரிக்கு அந்த வரிசையின் அளவு பழக்கமில்லை, முழங்கால் முன்பலகையில் இடித்தது. கண்ணில் ஒரு சொட்டு இல்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பத்தட்டு முன்வரிசையோடு நின்றுவிடும், எங்களிடம் வராது. பிரசங்கத்தின்போது சப்பப் பையில் வைத்திருந்த பெப்பர்மின்ட் மிட்டாய் ஒன்றை எடுத்து அவரிடம் நீட்டினேன். வாங்கி வாயில் போட்டுக்கொண்டார்.