தொடைக்குள் ஒரு கம்பி

1959ஆம் வருஷம், செங்கல் ஏற்றிய மாட்டுவண்டி உழவர்கரைப் பாதையில் குடைசாய்ந்தபோது, வண்டியோட்டி வந்த சக்கரபாணியின் வலது தொடைமேல் சக்கரம் ஏறி இறங்கியது. எலும்பு இரண்டு இடத்தில் முறிந்து, நடுத்துண்டு குறுக்கே திரும்பிக் கிடந்தது. டவுன் ஆஸ்பத்திரியில் காலைக் கயிற்றால் இழுத்துக் கட்டி, கட்டில் முனையில் எடையைத் தொங்கவிட்டு, மூன்று மாதம் அசையாமல் படுக்கச் சொன்னார்கள்.

நின்றுகொண்டே சாப்பிடுகிற ஆள் அவன். பகலெல்லாம் விரலைச் சொடுக்கினான். பக்கத்துக் கட்டில்காரரிடம் மணி கேட்டான். ஐந்து நிமிஷத்தில் மறுபடியும் கேட்டான். பன்னிரண்டாம் நாள், மனைவி அஞ்சலாட்சி கஞ்சி வாங்கப் போன நேரத்தில், பழம் நறுக்கும் கத்தியால் கயிற்றை அறுத்துவிட்டான். அவள் திரும்பி வரும்போது வார்டு முழுக்க அவன் அலறல்.

டாக்டர் ஜான்-பத்திஸ்த் பிரான்சில் படித்து வந்தவர். புது எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

"துண்டுங்க ஒண்ணுமேல ஒண்ணு ஏறிடுச்சும்மா. இனிமே இழுத்துக் கட்டினா சேராது. தொடையத் தெறந்து, எலும்புக்குள்ள ஸ்டீல் கம்பி விட்டு மூணையும் கோக்கணும்."

"உள்ளயே இருக்குமா?"

"எலும்பு கூடற வரைக்கும். சீழ் பிடிக்காம இருக்கணும், அதான் பயம்."

"செய்யலன்னா?"

"கால் வளைஞ்சு, ரெண்டு அங்குலம் குட்டையாயிடும்."

அவள் கணவனைப் பார்த்தாள். "நீயே சொல்லு" என்று அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். அவள் சம்மதத் தாளில் கைநாட்டு வைத்தாள்.

சென்னையிலிருந்து வந்த கம்பி நீளம் அதிகம். டாக்டர் நல்ல காலை அளந்துவிட்டு, ஒன்றரை அங்குலம் அறுத்துவரச் சொன்னார். ஆஸ்பத்திரிச் சிப்பந்தியோடு அஞ்சலாட்சியும் பட்டறைக்குக் கிளம்பினாள். சும்மா உட்கார்ந்திருக்க அவளால் முடியவில்லை.

பட்டறைக்காரர் பக்கிரி இரண்டு பிளேடு மாற்றியும் கம்பி பாதிகூட அறுபடவில்லை.

"இன்னும் ஆவலயா அண்ணே?"

"இரும்பா இது? பல்லே பதிய மாட்டேங்குது."

ஒருவழியாக அறுந்தது. அவள் முனையில் விரலை ஓட்டினாள். பிசிறு கீறி ரத்தம் துளிர்த்தது.

"இது எங்க வூட்டுக்காரரு தொடைக்குள்ள போவப்போவுது. நல்லாத் தேய்ங்கண்ணே."

எதற்கான கம்பி என்று பக்கிரிக்கு அதுவரை தெரியாது. மெல்லிய அரமாகத் தேடி எடுத்துத் தேய்த்தார். அவளிடமே நீட்டித் தடவிப் பார்க்கச் சொன்னார்.

மறுநாள் ஆபரேஷன் நாலு மணி நேரம் நடந்தது. கதவு திறந்தபோதெல்லாம் அஞ்சலாட்சி ஓடினாள். ஒருமுறை துணி மூட்டை வந்தது, ஒருமுறை வாளி. நடுவில் உள்ளேயிருந்து சுத்தியல் சத்தம். காதைப் பொத்திக்கொண்டாள். சத்தம் நின்றபோது இன்னும் பயமாக இருந்தது.

டாக்டர் சட்டையெல்லாம் நனைந்து வெளியே வந்தார். "கோத்தாச்சும்மா. நடுத்துண்டுதான் ரொம்பப் படுத்திடுச்சு."

அதற்கப்புறமும் ஐந்து நாள் காய்ச்சல். சீழ்தானோ என்று அவள் காயத்தின் கட்டுத்துணியை மோந்து மோந்து பார்த்தாள். ஆறாம் நாள் காய்ச்சல் இறங்கியது.

இரண்டு மாதம் கழித்து, கக்கத்தில் கட்டைகளோடு சக்கரபாணி வராந்தா முனைவரை நடந்தான். கால் அரை அங்குலம் குட்டை. முட்டி முழுதாக மடங்கவில்லை.

"போதுங்க, திரும்பலாம்."

"இரு, அந்தக் கேட்டு வரைக்கும்."

அவன் பாட்டுக்கு நடந்தான். அவள் இரண்டு கையையும் நீட்டியபடியே பின்னால் போனாள்.