கொதித்த நீரில் வட்டம் விழாது

1

இக்கதை என் அக்காள் கந்தம்மாளின் இடக்காலில் பிறந்தது. வேறு உயர்ந்த பிறப்பிடம் எதையும் இதற்குக் கற்பிக்கமாட்டேன். சர்க்கரைப் புண், எந்த மருந்துக்கும் அடங்காத பாக்டீரியா. கொடைக்கானலில் சிறு ஆய்வுக்கூடம் நடத்தும் காவ்யா, அந்தப் பாக்டீரியாவைக் கொல்லும் வைரஸைத் தண்ணீரில் தேடித் தருவதாகச் சொன்னார். கிடைத்தால் அறுவையைத் தள்ளிவைக்க மருத்துவர் இசைந்தார். கிடைக்காவிட்டால் வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடுவார்.

(முதலில் எழுதிய தொடக்கம்: “பனி படர்ந்த மலைமுகட்டில் காலைக் கதிரவன்...” அடித்துவிட்டேன். கதிரவனுக்கு இங்கே வேலையில்லை.)

2

புண்ணில் எடுத்த பாக்டீரியாவைக் கண்ணாடித் தட்டில் வெண்படலமாக வளரவிட்டு, அதன்மேல் மாதிரி நீரைத் துளியிடுவர். அந்த வைரஸ் இருந்தால் மறுநாள் படலத்தில் தெளிந்த வட்டம் விழும். அழுக்கு நீரில்தான் அது மிகுதி.

“வட்டக்கானல் லாட்ஜுங்களோட டிரெயினேஜ் ஓடையில கலக்குற எடம் சார். நல்லா நாறணும்,” என்று புட்டியைக் கொடுத்தார் காவ்யா.

நான் ஓடையில் இறங்கவில்லை. விடுதியொன்றில் துணி துவைக்கும் பெத்தம்மாளிடம் புட்டியை நீட்டி, “நோயாளி ஒருவரின் மருந்துக்காக ஓடைநீர் சிறிது வேண்டும்” என்றேன்.

[அடிக்குறிப்பு: ஓடையில் கழிவை இறக்கிவிட்டு, வாசலில் ‘இயற்கையின் மடி’ என்று பலகை மாட்டியிருப்போரைக் கண்டித்து ஒரு பக்கம் எழுதினேன். நீக்கிவிட்டேன். இன்று அவர்களின் அழுக்கு எனக்குத் தேவைப்படுகிறது.]

3

வியாழக்கிழமை தட்டைத் திறந்தபோது ஒரு வட்டமும் இல்லை. மிச்ச நீரை என் மூக்கருகே நீட்டினார் காவ்யா. விறகுப் புகை மணந்தது.

மீண்டும் வட்டக்கானல்.

“காய்ச்சித்தாங்க குடுத்தேன்,” என்றார் பெத்தம்மாள். “கீழ ஒரே கக்கூசுத் தண்ணியா கெடக்கு. மேல ஊத்துல மோந்து, காய்ச்சி, சேலத்துணில வடிகட்டுனேன். நோவாளிக்குன்னீங்களே, அதையா குடுப்பாக?”

“எனக்கு அந்த அசுத்த நீரே வேண்டும்.”

“இத மொதல்லயே சொல்றதுக்கென்ன வாத்தியாரே? பீத்தண்ணின்னு சொன்னா நாக்கு அழுகிருமா?”

சேலையைச் செருகிக்கொண்டு அவரே இறங்கினார்.

முதற்படியில் “கல்வி வாய்க்காத அம்மூதாட்டியின் அறியாமையால்...” என்று எழுதியிருந்தேன். அவ்வாக்கியம் முடியாமலே நிற்கட்டும். புட்டியை வாங்கியபோது அறுவைக்கு இரண்டு நாள்கள் இருந்தன. ஒன்று என் நாகரிகத்துக்குப் போயிற்று.

4

இரண்டாம் தட்டை வெள்ளி காலை ஒன்பது மணிக்குத் திறப்பார்கள். முதல்நாள் மாலை இரு முடிவுகளை எழுதி அக்காளிடம் படித்தேன்.

(அ) வட்டம் விழுகிறது, அவள் புன்னகைக்கிறாள்.

(ஆ) விழவில்லை, விதியை ஏற்று, அப்போதும்...

“நிறுத்துடா. ரெண்டுலயும் பல்லக் காட்டிக்கிட்டே இருக்கேன். எனக்குப் பயமா இருக்குன்னு ஒரு வரி எழுதுனியா?”

இரண்டையும் கிழித்தேன். எஞ்சியது இது: கந்தம்மாளுக்குப் பயமாக இருக்கிறது.

இப்போது வெள்ளி காலை மணி எட்டு ஐம்பது. வாசகரே, தட்டைத் திறப்பவர் நீங்கள். வட்டம் இருந்தால் முதலில் அவளிடம் சொல்லுங்கள். இல்லாவிட்டாலும் அவளிடமே சொல்லுங்கள்; சொல்லிவிட்டு உடனே எழுந்து வந்துவிடாதீர்கள்.