விசா வரும்வரை உடம்புக்கு ஒன்றுமில்லை

டாக்டர் என்று சொல்லிக்கொள்ளும் தகுதி இந்த உலகத்தில் கால்நடை மருத்துவர் ஒருவருக்கே உண்டு. மற்றவர்கள் எல்லாம் நோயாளி சொல்லச் சொல்ல எழுதிக்கொள்பவர்கள். பரீட்சையில் பக்கத்துப் பையனின் தாளைப் பார்த்து எழுதுவதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது.

இது நம் மாட்டு டாக்டர் தீர விசாரித்து எடுத்த முடிவு. இதைக் காலை டீயோடு சேர்த்து அவர் தினமும் அறிவிப்பார். டீக்கடைக்கு வலப்பக்கம் அவருடைய கிளினிக், எதிர்ப்பக்கம் மனுஷ டாக்டரின் கிளினிக். அறிவிப்பு நடக்கும்போது மனுஷ டாக்டரும் அங்கேதான் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பார்.

"என்ன பண்ணுது, எங்க வலிக்குதுன்னு கேட்டு மருந்து எழுதறதுக்கு எதுக்கு இத்தனை வருஷம் படிக்கணும்? நம்ம பேஷன்ட் வாயே திறக்காது. திறந்தா கடிக்கும்" என்பார் மாட்டு டாக்டர்.

மனுஷ டாக்டர் சாதுவான ஆள். சிரித்துக்கொள்வார். ஒரே ஒரு தடவை மட்டும், "உங்க பேஷன்ட் பொய் சொல்லாது டாக்டர். எனக்கு அந்த வசதி இல்லையே" என்றார். எதிராளி தோல்வியை ஒப்புக்கொண்டதாக மாட்டு டாக்டர் அதை எடுத்துக்கொண்டார்.

அவர் வெறும் வாய்ச்சொல் வீரர் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். வண்டியிலிருந்து பசு இறங்கும்போது அது காலை ஊன்றுகிற விதத்தைப் பார்த்தே எந்தக் குளம்பில் சீழ் என்று சொல்லிவிடுவார். சுருண்டு படுத்திருக்கும் பூனையின் மீசையைப் பார்த்து வயிற்றில் என்ன என்று சொல்வார். நகக் கீறல் விழுந்த எவர்சில்வர் மேஜை, பினாயில் வாசனை, மாடு கட்டும் இரும்புச் சட்டம் எல்லாம் சேர்ந்த அந்தக் கிளினிக்கில் அவர் ராஜா. கம்பவுண்டர், நர்ஸ், தரை கழுவும் ஆள் ஆகிய பதவிகள் அனைத்தையும் அவர் மனைவி ஒருத்தியே வகித்தாள்.

மனைவியிடமும் அவர் எதையும் கேட்டதில்லை. அவள் முகம் வாடியிருந்தால் தலைவலி என்று தானே முடிவுகட்டி மாத்திரையை எடுத்து நீட்டுவார். பல சமயம் அது வயிற்றுவலியாக இருக்கும். அவள் ஒன்றும் சொல்லாமல் விழுங்கிக்கொள்வாள்.

அந்த வீட்டில் நாய் ஒன்றும் இருந்தது. ஒரு வேலையும் செய்யாமல் எல்லாரையும் பார்த்து உறுமிக்கொண்டிருந்ததால் அதற்கு மேனேஜர் என்று பெயர்.

வெளிநாட்டுக்கு மாட்டு டாக்டர்கள் தேவை என்ற செய்தியோடு ஏஜென்ட் வந்தபோது தெருவே கூடிவிட்டது. எந்த நாடு என்று எல்லாரும் கேட்டார்கள். அங்கே பனி பெய்யுமா என்று கேட்டார்கள். குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு போகலாமா, பிள்ளை அங்கே பிறந்தால் அந்த நாட்டுப் பிள்ளையா என்று பிறக்காத பிள்ளைக்கும் சேர்த்துக் கேட்டார்கள். என்ன வேலை என்று மட்டும் ஒருத்தரும் கேட்கவில்லை. டாக்டரும் கேட்கவில்லை. 'கால்நடை மருத்துவ அலுவலர்' என்று பதவியின் பெயரிலேயே பதில் இருந்ததால் கேள்விக்கு அவசியம் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை.

"உங்க படிப்புக்குன்னே இருக்கற வேலை விசா சார். மாட்டு டாக்டர் கிடைக்காம அவங்க தவிச்சுக்கிட்டு இருக்காங்க" என்றார் ஏஜென்ட்.

ஏஜென்ட் பொய் சொல்லவில்லை. டாக்டர் போய் இறங்கிய இடத்தில் கால்நடை இருந்தது. மருத்துவர் இருந்தார். மருத்துவம் மட்டும் இல்லை. தகரக் கூரை போட்ட நீளமான ஷெட், உள்ளே எலும்பைக் குடைகிற குளிர், தலைக்கு மேலே நகர்ந்துகொண்டே இருக்கும் சங்கிலி, சங்கிலியில் கொக்கிகள், கொக்கிகளில் மாடுகள். அது கறி வெட்டும் தொழிற்சாலை.

அந்த நாட்டில் ஒரு மாட்டை வெட்டுவதற்கு முன் அது நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பதாக ஒரு டாக்டர் சொல்ல வேண்டும். சொல்வதற்கு உள்ளூர் டாக்டர்கள் யாரும் முன்வரவில்லை. விசா பிறந்த கதை அதுதான். காலையில் வரிசையாக நடந்து வரும் மாடுகளைப் பார்த்து, சாகிற அளவுக்கு நலமாக இருக்கின்றனவா என்று அவர் சொல்ல வேண்டும். பிறகு மேடையில் ஏறி நின்று, நகர்ந்து வருகிற நுரையீரல், ஈரல், சிறுநீரகம் என்று ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்து முத்திரை குத்த வேண்டும். ஒரு மாட்டையும் குணமாக்கத் தேவையில்லை.

விட்டுவிட்டு வந்திருக்கலாமே என்று கேட்கலாம். விசாவில் அவர் புகைப்படம்தான் ஒட்டியிருந்தது, உரிமை கம்பெனியுடையது. வேலையை விட்டால் நாட்டையும் விட வேண்டும். அங்கேயே வேறு கிளினிக்கில் சேர அந்த நாட்டுப் பரீட்சையில் தேற வேண்டும். பரீட்சை எழுத லீவு வேண்டும். லீவைக் கம்பெனி தர வேண்டும். சுற்றிச் சுற்றி மாட்டைக் கட்டிய தறிக்கே வந்து நின்றது.

வீட்டுக்குப் போன் செய்யும்போது, "ரொம்பப் பெரிய இடம். ஒரு நாளைக்கு எத்தனை மாடு வரும்னு உனக்குத் தெரியாது" என்பார். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

இந்தப் பக்கம், மனைவிக்கான விசா வேலை தொடங்கியிருந்தது. ஏஜென்ட் அவளை உட்காரவைத்து, மருத்துவப் பரிசோதனை ஒன்று இருக்கிறது என்று விளக்கினார். விளக்கிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அது முடியற வரைக்கும் எந்த ஆஸ்பத்திரிக்கும் போயிடாதீங்க மேடம். ஏதாவது ரிப்போர்ட்ல ஏறிடுச்சுன்னா உங்களுக்கும் கிடைக்காது, சாரோட விசா நீட்டிப்பும் நின்னுடும்."

அப்படி ஒரு விதி அந்த நாட்டுச் சட்டத்தில் எங்கேயும் கிடையாது. ஏஜென்ட்டுக்கு அதை இன்னொரு ஏஜென்ட் சொல்லியிருந்தார். அவருக்கு யார் சொன்னார்கள் என்று அவருக்கே நினைவில்லை. ஆனால் அவள் நம்பினாள். கணவர் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டராக இருக்கிறார், தன் உடம்பால் அது கெட்டுவிடக் கூடாது என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரிந்த விஷயம்.

முதலில் காலையில் எழும்போது கண்ணுக்குக் கீழே லேசாக உப்பியது. பிறகு பாதம் வீங்கியது. தன் செருப்பு நுழையாமல் போனதும் கணவரின் பழைய செருப்பை மாட்டிக்கொண்டாள். பக்கத்து வீட்டுக்காரிகள் கேலி செய்தார்கள். "அவர் ஞாபகமா போட்டுக்கறேன்" என்று இவளும் வெட்கப்பட்டுக் காட்டினாள். மனுஷ டாக்டரின் கிளினிக் வந்தால் மட்டும் தெருவின் எதிர் ஓரத்துக்கு வந்து, முந்தானையால் முகத்தைத் துடைப்பது போல மறைத்துக்கொண்டு போவாள். தெருவில் எல்லாரையும் ஏமாற்றிவிடலாம், அந்த ஆள் கண்ணில் பட்டால் கூப்பிட்டு விசாரித்துவிடுவார் என்று அவளுக்குத் தெரியும்.

தினமும் மாலையில் வீடியோ அழைப்பு வரும். டாக்டர் முதலில் மேனேஜரைத்தான் கேட்பார். சாப்பிட்டதா, மூக்கு ஈரமாக இருக்கிறதா, வெளிக்கு எப்படிப் போனது எல்லாம் கேட்பார். நாய் வாய் திறந்து சொல்லாதே. அதனால் அதன் சார்பில் அவள் சொல்ல வேண்டியிருந்தது. ஒருநாள் அது திரையில் ஒரு நொடி தெரிந்து மறைந்தபோதே, "வலது முன்னங்கால்ல விரல் இடுக்குல பாரு, முள்ளு இருக்கும்" என்றார். அவள் கீழே உட்கார்ந்து பார்த்தாள். முள் இருந்தது. கடல் தாண்டி இருந்துகொண்டு ஒரு நாயின் காலில் முள்ளைக் கண்டுபிடித்த பெருமையில் டாக்டருக்கு அன்று குளிர்கூடத் தெரியவில்லை. உட்கார்ந்தவள் மறுபடி எழுந்து நிற்க வெகுநேரம் ஆனதை அவர் கவனிக்கவில்லை.

"முகமெல்லாம் பூரிச்சுப் போயிருக்கே. உடம்பு போட்டுட்டபோல."

"ஆமா. நீங்க இல்லாம நிம்மதியா சாப்பிடறேன்" என்றாள் அவள். வாயில் எதை வைத்தாலும் குமட்டிக்கொண்டு வந்ததால் அன்று அவள் ஒன்றுமே சாப்பிட்டிருக்கவில்லை.

அதே வாரம் மேடையில் ஒரு பசுவின் சிறுநீரகங்கள் வெளுத்து வீங்கி வந்தன. டாக்டர் அவற்றைத் தள்ளி வைத்தார். பக்கத்தில் கத்தியோடு நின்ற தொழிலாளியிடம், உயிரோடு இருக்கும்போதே இதற்குத் தாடைக்குக் கீழே நீர் கோத்திருக்கும், வளர்த்தவன் ஒரு தடவை முகத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் என்று சொல்லி வருத்தப்பட்டார். உண்மையாகவே வருத்தப்பட்டார்.

கடைசியில் போன் செய்தது மனுஷ டாக்டர். வாசற்படியில் விழுந்து கிடந்தவளை டீக்கடைக்காரர்தான் பார்த்திருக்கிறார். மேனேஜர் வழக்கம்போல ஒன்றும் செய்யவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது, பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம், உடனே கிளம்பி வாருங்கள் என்றார் மனுஷ டாக்டர். குரலில் டீக்கடைச் சிரிப்பு இல்லை.

டாக்டர் லீவு கேட்டார். விளக்கம் கிடைத்தது. விசா நீட்டிப்புக்காகப் பாஸ்போர்ட் அரசாங்கத்திடம் இருக்கிறது. முடிவு வருவதற்குள் வெளியே போனால் விண்ணப்பம் ரத்தாகிவிடும். திரும்பி வர முடியாது. கொஞ்சம் பொறுத்தால் எல்லாம் முறைப்படி முடியும். விண்ணப்பமே வேண்டாம், பாஸ்போர்ட்டைக் கொடுங்கள் போதும் என்று அவர் சொன்னதும், வேண்டாம் என்பதற்கும் ஒரு முறை இருப்பதாகச் சொன்னார்கள். அந்த முறை முடிந்து பாஸ்போர்ட் கைக்கு வருவதற்குள், ஆஸ்பத்திரியில் அவளுக்குக் கிருமி நுரையீரலுக்கு ஏறி, வாய் வழியாகக் குழாய் வைத்துவிட்டார்கள்.

அவர் பெட்டியோடு நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தார். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே வரிசையாகப் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஒன்றில் மனுஷ டாக்டர் உட்கார்ந்திருந்தார். எப்போதிலிருந்து இப்படி என்று இவர் கேட்டார். ஒரு வருஷத்துக்கு மேலேயே இருக்கும், ஆரம்பத்திலேயே வந்திருந்தால் மாத்திரையிலேயே ஓட்டியிருக்கலாம் என்றார் அவர். ஏஜென்ட் சொன்னதையும் சொன்னார். நினைவு இருந்த கடைசி நாளில் அவள்தான் சொல்லியிருக்கிறாள். மெடிக்கல் முடிகிறவரை மட்டும் எதுவும் எழுதிவிடாதீர்கள் என்று கெஞ்சியிருக்கிறாள்.

"என் வாசல் வந்தா அந்தப் பக்கமா ஒதுங்கிப் போவாங்க. நம்ம டீக்கடைச் சண்டையை அவங்க மனசுல வெச்சிருக்காங்கன்னு நினைச்சேன்" என்றார் மனுஷ டாக்டர்.

"தினமும் முகத்தைப் பாத்தேன் டாக்டர். ஒருநாள் விடாம பாத்தேன்."

"பாத்தீங்க. கேட்டீங்களா?"

மனுஷ டாக்டர் அதற்கு மேல் கேட்கவில்லை. பெட்டியை நகர்த்திவிட்டுத் தன் பக்கத்தில் அவருக்கு இடம் கொடுத்தார்.

அந்த நேரம் பார்த்து ஏஜென்ட்டின் போன் வந்தது. நல்ல சேதி என்றார் ஏஜென்ட். மேடத்தின் மெடிக்கலுக்குத் தேதி கிடைத்துவிட்டதாம்.

"மெடிக்கல் நடந்துக்கிட்டு இருக்கு" என்றார் டாக்டர்.

ஏஜென்ட்டுக்குப் புரியவில்லை. டாக்டர் கோபப்படாமல், மருந்துச் சீட்டு விளக்குகிற குரலில் மெதுவாகப் பேசினார்.

"உங்ககிட்ட இன்னும் நிறையப் பேர் வருவாங்க. எந்த நாடுன்னுதான் கேப்பாங்க, நானும் அப்படித்தான் கேட்டேன். என்ன வேலைன்னு நீங்களா சொல்லுங்க. அது மாடு வெட்டற இடம்னா வெட்டற இடம்னு சொல்லுங்க. ஆஸ்பத்திரிக்குப் போகாதீங்கன்னு மட்டும் யாருக்கும் சொல்லாதீங்க. நோயை மறைச்சு விசா வாங்கினா, விசா வரும் தம்பி. போறதுக்கு ஆள் இருக்காது. வீட்ல ஒருத்தருக்கு ஒருத்தர் உண்மையைச் சொல்ல முடியாதபடி பண்ற எந்த விசாவும் வேண்டாம்னு முதல்ல என்கிட்ட யாராவது சொல்லியிருக்கணும்."

டாக்டர் போனை அணைத்தார். நர்ஸ் வந்து, ஒருவர் மட்டும் போய்ப் பார்க்கலாம் என்றாள்.

உள்ளே போய்க் கட்டிலின் பக்கத்தில் நின்றார். அவருடைய கண் பழக்க தோஷத்தில் தானாக வேலை பார்த்தது. நகத்தின் வெளுப்பு, இமையின் வீக்கம், இயந்திரம் மூச்சைத் தள்ளும்போது விலா எழும்புகிற அளவு. யாரும் எதுவும் சொல்லத் தேவையில்லாமல் எல்லாம் அவருக்குத் தெரிந்தது. எவ்வளவு நேரம் மிச்சம் என்பதுகூடத் தெரிந்தது.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வீங்கிய கையைத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டு அவள் காதருகே குனிந்தார்.

"என்னம்மா பண்ணுது? எங்க வலிக்குது?"

குழாய் இருந்த வாயிலிருந்து பதில் வரவில்லை. அவர் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, மறுபடியும் கேட்டார்.